விளக்கணைத்த பின் ஓடும் தறி

தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு வளர்ந்தவர்களின் கனவில் தறி வருவது சாதாரண விஷயம். ஆரணியில் கொசப்பாளையத்திலோ சைதாப்பேட்டையிலோ, சுற்றுவட்டாரத்தில் முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று எந்த ஊரிலாவது ஒரு நெசவுக்காரரைக் கேளுங்கள். புதிதாகத் தறி ஏறிய நாட்களில், படுத்த சிறிது நேரத்துக்கெல்லாம் கால் தானாக மிதியைத் தேடியதைச் சொல்வார். மூடிய கண்ணுக்குள் நாடா இடமும் வலமும் போய்வந்ததைச் சொல்வார். இழை அறுந்துவிட்டதென்று தூக்கத்தில் பதறிக் கை நீட்டி, பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையின் தலைமுடியைப் பிடித்த கதை வீட்டுக்கு வீடு உண்டு.

அதெல்லாம் கேட்காமல் வரும் கனவு. நான் எழுத நினைப்பது கேட்டு வாங்கும் கனவைப் பற்றி. பட்டுச்சேலைக்கு டிசைன் போடுவது என் தொழில். முதலில் நெய்தேன். பிறகு கிராப் தாளில் படம் போட்டு அட்டை அடிக்கக் கொடுக்கிறவனானேன். இப்போதும் வீட்டில் ஒரு தறி ஓடுகிறது. இந்தத் தொழிலில் எனக்குக் கைவந்ததில் பெரும்பகுதி விளக்கை அணைத்த பிறகு வந்தது. தூங்கும் முன் மனத்தில் எதை, எந்த வரிசையில் ஓட்டிப் பார்க்கிறோமோ அதைப் பொறுத்து அன்றைய கனவு துலங்குகிறது அல்லது மங்குகிறது. இதை முதலில் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பற்றி என்ன கண்டார்கள் என்று படித்தது வெகுகாலம் கழித்து.

வழி காட்டியவர் என் பெரியப்பா. பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காதவர். ஆனால் அடை கட்டத் தெரிந்தவர். அட்டையைப் பார்த்து இழையைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டி எங்கள் பக்கத்துத் தறிகளில் ஏறுவதற்கு முன்பு, கரையும் புட்டாவும் எப்படி வர வேண்டும் என்பதை நூலிலேயே முடிந்து வைப்பார்கள். அதுதான் அடை. தறிக்குப் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்து அந்த நூல்களை வரிசை தப்பாமல் இழுத்துக் கொடுப்பான். தாளும் கிடையாது, அட்டையும் கிடையாது. அன்னமோ மயிலோ, முழுசாக ஒருவர் நினைவிலிருந்து நூலுக்கு இறங்க வேண்டும். அப்படி வேலை பார்த்தவர் சொன்ன பேச்சு என்பதால்தான் அதை நான் இன்றுவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

டிசைன் பழக ஆரம்பித்த காலத்தில் ராத்திரி படுத்துக்கொண்டு மயிலை நினைத்துப் பார்ப்பேன். தோகை விரித்த முழு மயில், முந்தியில் நிற்கிற மாதிரி. நினைக்க நினைக்க அது கலைந்து போகும். கழுத்தைப் பிடித்தால் தோகை போய்விடும். தோகையைப் பிடித்தால் கால் இருக்காது. கனவிலும் ஒன்றும் உருப்படியாக வராது. வந்தால் ஏதோ ஒரு நீலம், ஏதோ ஓர் அசைவு, அவ்வளவுதான். பெரியப்பாவிடம் சொன்னேன்.

"படத்த நெனைக்காதடா, நெய்யறத நெனை. மயிலு கால்லேருந்து ஆரம்பி. ஒரு ஊடை போடு, பலகைய அடி, அடுத்த ஊடை போடு. கண்ண மூடிக்கினு நெய்யி. தூக்கம் எந்த எடத்துல வருதோ அங்க விட்டுடு. மிச்சத்த அது நெய்யும்" என்றார்.

அன்றிலிருந்து செய்வதை அப்படியே எழுதுகிறேன். மல்லாந்து படுத்துக் கண்ணை மூடியதும் முதலில் குழியின் குளிர்ச்சியைக் காலில் வரவழைத்துக்கொள்வேன். பிறகு மிதியின் வழுவழுப்பு. பிறகு வலது கையில் கயிற்றின் பிடி. படம் இன்னும் வந்திருக்காது, அதற்கு அவசரமும் இல்லை. மிதியை அழுத்தினால் பெட்டி தலைக்கு மேல் ஒரு சத்தம் போடும். கொக்கிகள் எழும்பும். நீளவாட்டில் கட்டிய பாவு இரண்டாகப் பிரியும். அந்த வாயில் சரிகை ஏற்றிய நாடா குறுக்கே ஓடி ஊடையைப் போடும். பலகையை இழுத்து அடித்தால் துணியின் ஓரத்தில் ஒரு கோடு சேரும். அந்தக் கோட்டில் மயிலின் நகம் இரண்டு புள்ளியாகத் தெரியும். அடுத்த ஊடை. புள்ளி கொஞ்சம் நீளும். இப்படி வரிவரியாக ஏற்றிக்கொண்டே போவேன். காலும் தொடையும் முடிந்து வயிற்றின் வளைவுக்கு வரும்போது பெரும்பாலும் தூக்கம் வந்துவிடும்.

இப்படிச் செய்த ராத்திரிகளில் வருகிற கனவே வேறு. துணியில் கை வைத்தால் சரிகையின் சொரசொரப்பு தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறதென்று தெரியும். மயில் விட்ட இடத்திலிருந்து வளரும். நான் யோசித்தே பார்க்காத ஒரு திருப்பம் கழுத்தில் இருக்கும். வெறும் படத்தை நினைத்துப் படுத்த ராத்திரிகளில் இந்தத் துலக்கம் கிடைத்ததில்லை.

இது ஏன் இப்படி என்று பலமுறை யோசித்திருக்கிறேன். முழுப் படத்தைக் கண்ணுக்குள் நிறுத்துவது பெரிய பாரம். தூக்கம் வரும் நேரத்தில் அந்தப் பாரத்தைத் தாங்கும் பலம் மனத்துக்கு இருப்பதில்லை. காரியத்தை ஒவ்வொரு படியாகச் செய்துபார்ப்பது அப்படியில்லை. கை, கால், காது எல்லாம் சேர்ந்து படத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. ஒன்று தளர்ந்தாலும் மற்றது விடாது. இன்னொன்று, வேலை பாதியில் நிற்கிறது. முடிந்த படத்தில் தூக்கத்துக்கு வேலை இல்லை. பாதியில் நிற்கிற மயிலுக்குக் கழுத்து தேவைப்படுகிறது.

திருநின்றவூர்ப் பூசலார் நாயனாரின் கதையைப் பெரியபுராணத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் பேச்சுதான் நினைவுக்கு வரும். கோயில் கட்டக் காசில்லாத பூசலார் மனத்திலேயே கட்டினார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறோம். சேக்கிழார் அப்படி விட்டுவிடவில்லை. பொருள் சேர்த்தது, தச்சரைத் தேடியது, நாள் பார்த்தது, அடித்தளம் போட்டது, படிப்படியாக எழுப்பியது, கிணறு வெட்டியது, மதில் சுற்றியது, குளம் தோண்டியது என்று ஒவ்வொரு வேலையையும் பூசலார் உள்ளுக்குள் செய்ததாகவே பாடுகிறார். ராத்திரியும் தூங்காமல் கட்டினாராம். கடைசியில், காஞ்சியில் கோயில் கட்டி முடித்த அரசன் காடவர்கோன் கனவில் சிவன் வந்து, நாளை நான் பூசலாரின் கோயிலுக்குப் போகிறேன், உன் கோயில் குடமுழுக்கை வேறு நாளுக்குத் தள்ளிவை என்கிறார். கல்லில் கட்டிய அரசனைவிட நினைவில் கட்டியவர் ஒரு வேலையையும் விடாமல் கட்டியிருக்கிறார் என்பதுதான் ஒரு தொழிலாளியாக எனக்குப் படுகிற சேதி. திருநின்றவூரில் இருதயாலீசுவரர் கோயில் இன்றும் இருக்கிறது. போய் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆண்டாளின் வாரணமாயிரமும் இதே வகை. நாங்கள் நெய்கிற சேலை பெரும்பாலும் கல்யாண மேடைக்குப் போகிறது. வைணவக் கல்யாணங்களில் அந்தப் பாசுரங்களைப் பாடுவதைக் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறேன். அது ஒரு கனவு, தோழியிடம் சொல்கிற கனவு. ஆனால் எவ்வளவு வரிசை! ஊர் அலங்காரம், பந்தல், பெண் பேச வருவது, மணப்பெண்ணுக்குக் கோடி உடுத்துவது, தீர்த்தம் தெளிப்பது, கைப்பிடிப்பது, தீவலம், பொரி இடுவது என்று ஒரு சடங்கும் இடம் மாறவில்லை. பகலெல்லாம் அதையே நினைத்து நினைத்து உருவேற்றிய மனத்துக்குத்தான் இப்படி ஒரு கனவு வாய்க்கும் என்று நம்புகிறேன். கோடி உடுத்துகிற இடம் வரும்போது, நான் நெய்கிறவன் அல்லவா, அந்தச் சேலைக்கு என்ன கரை இருந்திருக்கும் என்று மனம் ஓடும்.

எங்கள் வேலையில் கனவுக்கு என்ன இடம் என்று புரிய, டிசைன் எப்படிச் சேலையில் ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜக்கார்டு பெட்டி பிரான்சில் லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்பது. 1804-இல் அவர் அமைத்த முறைதான் இன்னும் எங்கள் தலைக்கு மேல் ஓடுகிறது. 240 கொக்கிப் பெட்டி என்றால் கிராப் தாளில் குறுக்கே 240 கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு கொக்கி, ஒரு வரிக்கு ஓர் ஊடை, ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருந்தால் கொக்கி எழும்பும், இல்லையென்றால் கிடக்கும். அங்குலத்துக்குப் பாவு இழை ஒரு கணக்கு, ஊடை இழை வேறு கணக்கு. அதனால் சாதாரணச் சதுரக் கட்டத்தில் வட்டமாகப் போட்ட ருத்ராட்சம் தறியில் முட்டையாக வந்து நிற்கும். இதையெல்லாம் விழித்திருக்கும்போதுதான் சரிபார்க்க முடியும்.

கனவுக்குக் கணக்கு வராது. கனவில் கிராப் தாளையே பார்த்திருக்கிறேன், எத்தனையோ தடவை. கட்டங்களை எண்ணுவேன். திரும்ப எண்ணினால் வேறு தொகை வரும். எழுதியிருக்கும் எண் மறுபடி பார்க்கும்போது மாறியிருக்கும். ஆகவே கனவில் கண்ட கணக்கை நம்பி நான் ஓர் அட்டையும் அடிக்கக் கொடுத்ததில்லை.

நிறத்துக்கு வந்தால் கதை வேறு. மயில்கழுத்து என்கிறோமே, அது ஒரு சாயத்தில் வருகிற நிறம் கிடையாது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும் இழைக்கு இழை பின்னி, துணி அசையும்போது மாறி மாறித் தெரிவது. தாளில் கலர் பென்சிலால் அதைப் போட வழியே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் இன்றைக்கும் அரைகுறையாகத்தான் வருகிறது. மடிப்பில் ஒரு நிறம், விரித்த இடத்தில் ஒரு நிறம், தோளில் ஏறும்போது ஒரு நிறம் என்று ஒரே சேலை மூன்றாகத் தெரிய வேண்டும். ஆரணிச் சேலை காஞ்சிபுரத்துச் சேலையைவிட எடை குறைவு. மெல்லிசாக இருப்பதால் அது அதிகம் அசையும், இந்த இரட்டை நிறம் அதில் கூடுதலாக எடுக்கும். நெய்து பார்த்தால்தான் தெரியும் என்பார்கள். பாவு சாயம் போட்டு ஏற்றிய பிறகு பிடிக்கவில்லையென்றால் பட்டும் போச்சு, கூலியும் போச்சு.

கனவில்தான் நான் துணியை அசைவோடு பார்க்கிறேன். ஒரு கல்யாண ஆர்டருக்கு மாம்பழ மஞ்சள் பாவு முடிவாகியிருந்தது. ஊடைக்கு அரக்கு போடுவதாக இருந்தோம், எப்போதும் போடுவதுதான். ராத்திரி அந்தப் பாவில் அரக்கு ஊடையை ஓட்டிக்கொண்டே தூங்கினேன். கனவில் கமண்டல நாகநதிக் கரையில், புத்திர காமேட்டீசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில், முகம் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்து எழுந்தாள். கொசுவம் விரிந்து மூடியது. மடிப்பில் மஞ்சள் ஒளிர்ந்தது. விரிந்த இடத்தில் செம்பு மினுங்கியது. அரக்கு ஊடை இப்படிச் செம்பு கொடுக்காது, அது மஞ்சளை அமுக்கிவிடும் என்று கனவுக்குள்ளேயே எனக்குத் தோன்றியது. காலையில் யோசித்து வாடாமல்லியை எடுத்து ஒரு சாண் நெய்து பார்த்தோம். அந்தச் செம்பு வந்தது. கடைக்காரர் அதே நிறத்தில் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்.

இதைக் கேட்கிறவர்கள் சாமி கொடுத்தது என்பார்கள். எனக்கும் நம்பிக்கை உண்டு, படவேட்டம்மன் எங்கள் குலதெய்வம். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன், தன் சூத்திரங்கள் நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து காட்டியவை என்று சொல்லியிருக்கிறார். அவர் அதை முழு நம்பிக்கையோடு சொன்னார். கூடவே இன்னொன்றும் உண்மை. விழித்திருந்த நேரமெல்லாம் சிலேட்டில் எழுதி எழுதி முழங்கையால் அழித்தவர் அவர். தாயார் வந்தது அந்தச் சிலேட்டுக்காரனின் கனவில். மஞ்சளும் வாடாமல்லியும் கை நிறையப் புழங்காத ஒருவருக்கு அந்தச் செம்பு நிறம் கனவில் வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்காது என்றுதான் சொல்வேன்.

ஆராய்ச்சியில் இது எப்படித் தெரிகிறது என்று பிற்பாடு படித்தேன், என் மகன் தேடிக் கொடுத்தான். தூக்கத்தில் கண்விழி வேகமாக உருளும் கட்டத்தை 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் அறிவித்தார்கள். துலக்கமான நீண்ட கனவுகள் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில். ராத்திரியின் பின்பகுதியில் அது நீள்கிறது. விடியற்காலைக் கனவுக்கு எங்கள் பெரியவர்கள் தனி மதிப்புக் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

எனக்கு மிகவும் நெருக்கமாகப் பட்டது, 2000-இல் ராபர்ட் ஸ்டிக்கோல்டு வெளியிட்ட ஆய்வு. டெட்ரிஸ் என்று ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு, மேலிருந்து கட்டை கட்டையாக விழும், அதைத் திருப்பி அடுக்க வேண்டும். நாள் கணக்கில் ஆடியவர்கள் தூக்கத்துக்குள் நுழையும் நேரத்தில் கட்டைகள் விழுவதைக் கண்டார்கள். புதிய நினைவுகள் தங்காத மூளைப் பாதிப்பு உள்ளவர்களும் அவர்களில் சிலர். விளையாடியதே அவர்களுக்கு ஞாபகமில்லை, ஆனால் கட்டைகள் விழுந்தன. இதைப் படித்தபோது தறி ஏறிய புதிதில் கால் மிதியைத் தேடியது நினைவுக்கு வந்தது. செய்கிற வேலை, நினைவில் நிற்கிறதோ இல்லையோ, தூக்கத்தின் வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

அது கேட்காமல் வருவது. கேட்டு வாங்குவதைப் பற்றி டியர்ட்ரே பாரெட் என்ற ஆய்வாளர் 1993-இல் எழுதியிருக்கிறார். கல்லூரி மாணவர்கள் 76 பேர், ஒரு வாரம், தங்களுக்கு முக்கியமான ஒரு சிக்கலை ராத்திரி தோறும் நினைத்துக்கொண்டு படுத்தார்கள். பாதிப்பேர் அளவுக்கு அதைப் பற்றிய கனவு வந்திருக்கிறது. அவர்களில் பலர் விடையும் கிடைத்ததென்றார்கள். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கையில் மாட்டும் ஒரு கருவியைச் செய்து, தூக்கம் தொடுகிற நேரத்தில் 'மரத்தை நினை' என்று மெல்லக் குரல் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான கனவுகளில் மரம் வந்தது. 2021-இல் பாரீசில் டெல்பின் உடியெட் குழுவினர், தூக்கத்தின் முதல் வாசற்படியில் 15 விநாடி நின்று திரும்பியவர்கள் கூட, ஒரு கணக்கில் ஒளிந்திருந்த குறுக்குவழியை மற்றவர்களைவிட மிக அதிகமாகக் கண்டுபிடித்தார்கள் என்று காட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழியில் காலை விட்டபடியே சுவரில் சாய்ந்து கண்ணயர்கிற பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. சோம்பேறித்தனம் என்று அதைத் திட்டுகிறவர்களுக்கு இந்த ஆய்வைச் சொல்வேன்.

டோரே நீல்சன் என்ற கனடா ஆய்வாளர் சொன்ன இன்னொரு விஷயமும் என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ஒரு நாள் பார்த்தது அன்றோ மறுநாளோ கனவில் வரும். பிறகு மறைந்து, ஐந்து முதல் ஏழு நாள் கழித்து மறுபடி தலைகாட்டும். எனக்கும் டிசைன் அப்படித்தான். இன்றைக்கு ஓட்டிப் பார்த்தது இன்றைக்கே வராவிட்டால் நான் கவலைப்படுவதில்லை. அடுத்த வாரச் சந்தை நாளுக்குள் வந்து சேரும்.

இதெல்லாம் மனம் சும்மா இருக்கிற ராத்திரிகளின் கதை. நெசவுக்காரன் வீட்டில் மனம் சும்மா இருப்பது அரிது. பட்டு விலை ஏறிப் பாவு கிடைக்காத மாதங்கள் வரும். நெய்த சேலை கடையில் தேங்கும். 2020 ஊரடங்கில் கல்யாணங்களே நின்றபோது எங்கள் தெருவில் பெட்டிச் சத்தம் நின்றது. அந்த நாட்களில் கடனை நினைக்கக்கூடாது, நினைக்கக்கூடாது என்று தள்ளிவிட்டு மயிலை ஓட்டப் பார்ப்பேன். கனவில் தவணைக்காரர்தான் வருவார், அதுவும் மயிலைவிடத் துலக்கமாக. உளவியலாளர் டேனியல் வெக்னரும் கூட்டாளிகளும் 2004-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒருவரை நினைக்காதே என்று சொல்லித் தூங்கப்போனவர்களின் கனவில் அந்த ஒருவரே அதிகம் வந்தார்.

என் மனைவி இதற்கு ஆய்வு எதுவும் படிக்காமல் ஒரு வழி கண்டாள். "இன்னாங்க, மனசுல வெச்சிக்கினு பொரளாதீங்க. யாருக்கு எவ்ளோ குடுக்கணும், வாய்விட்டு சொல்லிட்டுப் படுங்க" என்பாள். இருவரும் உட்கார்ந்து சொல்லிவிடுவோம். மளிகைக்கு இவ்வளவு, சரிகைக்காரருக்கு இவ்வளவு, பிள்ளைக்குப் பீஸ் இவ்வளவு. சொல்லி முடித்ததும் கடன் குறைந்துவிடாது. ஆனால் அதைத் தள்ளிப் பிடிக்கிற வேலை நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் மிதியில் கால் வைப்பேன். தூங்கும் முன் செய்கிற எந்தப் பயிற்சிக்கும் இதுவே முதல் படி என்று இப்போது டிசைன் கற்க வருகிற பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

அவர்களிடம் நான் கண்டிப்பாக இருப்பது போன் விஷயத்தில். கண் மூடுவதற்கு முந்தைய நிமிஷம் வரை திரையில் விரலை ஓட்டினால், ஒவ்வொன்றும் பாதி விநாடியில் மாறுகிற ஆயிரம் படம் உள்ளே போகிறது. எதுவும் வரிசையாகப் போவதில்லை. பிறகு எந்த நாடாவை எந்தப் பாவில் ஓட்டுவது? போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, கையில் ஒரு துண்டு பட்டுத்துணியை வைத்துத் தடவிக்கொண்டு படுக்கச் சொல்வேன். விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்கு வரும்.

எழுந்திருப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. விழிப்பு வந்ததும் அசையக்கூடாது, யாரோடும் பேசக்கூடாது. கண்ணைத் திறக்காமல், கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். பல் தேய்த்துவிட்டு நினைத்துக்கொள்ளலாம் என்று எழுந்தால் போய்விடும். கோடும் வடிவமும் என்றால் தலைமாட்டில் இருக்கிற தாளில் கிறுக்கிவிடுவேன். நிறத்தை அப்படி எழுத முடியாது. செம்பு மாதிரி, கொஞ்சம் இளசு என்று எழுதி வைத்தால் மதியம் படிக்கும்போது அது எந்தச் செம்பு என்று எனக்கே தெரியாது. அதனால் ஒரு தட்டில் சாயப்பட்டறையிலிருந்து வாங்கிய பட்டு நூல் மாதிரிகளைச் சின்னச் சின்னப் புரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். கிளிப்பச்சை, வெங்காயத்தோல், கத்திரிப்பூ, ராமர் நீலம் என்று எல்லாச் சாயமும் இருக்கும். எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு புரியை எடுத்து முறுக்கிப் பார்ப்பேன். கனவில் கண்டதற்கு அருகில் வருகிற ஜோடியை முடிச்சுப் போட்டுத் தனியே வைத்துவிடுவேன். அப்படி முடிச்சுப் போட்டதில் பெரும்பாலானவை தறிக்கு ஏறுவதில்லை. பகலில் பார்த்தால் பிடிக்காமல் போகும், இல்லை வியாபாரி வேண்டாமென்பார். தேறுவது கொஞ்சம். ஆனால் பகலில் உட்கார்ந்து யோசித்து அந்தக் கொஞ்சத்தை நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

என் தங்கை மகள் கம்ப்யூட்டரில் டிசைன் போடக் கற்றுக்கொண்டு வந்தவள். கையால் நாங்கள் ஒரு வாரம் போடுவதை ஒரு பகலில் போட்டுவிடுவாள். இந்த ராத்திரி நெசவை அவளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். சில நாள் கழித்து வந்து, "எனக்கு ஒண்ணுமே தெரியல மாமா. கண்ண மூடினா இருட்டுதான். அம்மா முகத்த நெனைச்சாகூட வராது, அம்மான்னு தெரியும், அவ்ளோதான்" என்றாள். முதலில் எனக்கு விளங்கவில்லை. எல்லாருக்கும் உள்ளே படம் ஓடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இப்படிப்பட்டவர்கள் உண்டு என்பதை 1880-இலேயே பிரான்சிஸ் கால்டன் எழுதியிருக்கிறார். காலைச் சாப்பாட்டு மேசையை மனத்தில் கொண்டுவாருங்கள் என்று பலரைக் கேட்டபோது, சிலர் எதுவும் தெரியவில்லை என்றார்களாம். 2015-இல் ஆடம் ஜெமன் என்ற மருத்துவர் இதற்கு ஒரு பெயரே வைத்தார். இவர்களில் பலருக்குத் தூக்கத்தில் மட்டும் படத்தோடு கனவு வருகிறது என்பதும் அவர் கண்டது.

அவளுக்கு வேறு வழி யோசித்தேன். அவள் பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். எந்தத் தறியில் புட்டா ஓடுகிறது, எதில் வெறும் உடல் ஓடுகிறது என்பதை வாசலில் நின்றே சொல்வாள். புட்டா ஊடைக்குப் பெட்டி எழும்பும், உடல் ஊடைக்கு எழும்பாது, சத்தம் வேறு. படத்தை விட்டுவிட்டுச் சத்தத்தை ஓட்டச் சொன்னேன். இந்தக் கரைக்கு எந்தத் தாளத்தில் பெட்டி எழும்பும், நாடா எத்தனை இழுப்புக்கு ஒருமுறை மாறும், கால் எங்கே அழுத்தம் கூட்டும் என்று காதாலும் காலாலும் நெய்துகொண்டே தூங்கு என்றேன்.

அவளுக்குக் கனவு வந்தது, படத்தோடு. தாழம்பூ ரேக்குக் கரை. வழக்கமாக மேல்நோக்கி நிற்கிற ரேக்கு, ஒன்று விட்டு ஒன்று சாய்ந்திருந்ததாம். சாய்ந்த இடங்களில் பெட்டிச் சத்தம் ஒரு தட்டு தாமதமாகக் கேட்டதாம். எனக்கு அப்படி ஒருநாளும் சத்தத்தோடு டிசைன் வந்ததில்லை. கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினாள். சாய்வின் ஓரம் படிப்படியாக உடைந்து தெரிந்தது. 240 கொக்கிக்குள் அந்தச் சாய்வை வழவழப்பாக எடுக்க, ரேக்கின் அகலத்தைக் குறைக்க வேண்டும், அல்லது சாய்வைக் குறைக்க வேண்டும். நான் அகலத்தைக் குறை என்கிறேன். அவள் முடியாது என்கிறாள், கனவில் ரேக்கு அகலமாகத்தான் இருந்ததாம். இரண்டு விதமாகவும் அட்டை அடிக்கக் கொடுத்திருக்கிறோம். பாவு வந்ததும் இரண்டையும் ஒரு முழம் ஒரு முழம் நெய்து பார்க்கப் போகிறோம்.